ஒரு பட்டறைக்கு 10 வெப்சைட் பெயர்: கூகுளில் முதலிடம் கிடைக்குமா? கோவை வியாபாரிகளை சுற்றும் 'டொமைன்' ஆசை

கோவை,

கடை ஒன்றுதான். பெயர் மட்டும் பத்து. காந்திபுரத்துக்கு ஒரு பெயர், பீளமேட்டுக்கு ஒரு பெயர், பொள்ளாச்சிக்கு ஒன்று, திருப்பூருக்கு ஒன்று என்று வெப்சைட் பெயர்களை வாங்கி வைத்தால், எந்த ஊர்க்காரர் கூகுளில் தேடினாலும் நம்ம கடைதான் முதலில் வரும் என்று ஒரு பேச்சு சிறு வியாபாரிகளை சுற்றி சுற்றி வருகிறது.

மோட்டாருக்கு காயில் கட்டுகிறவர், கிரைண்டர் விற்கிறவர், ஏ.சி. மெக்கானிக், பந்தல் போடுகிறவர் என்று யாரிடம் வந்தாலும் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும். "ஏனுங்ணா, உங்க கடை பேர்ல வெப்சைட் வெச்சா யாருங்ணா தேடுவாங்க? ஊர் பேரையும் தொழில் பேரையும் சேத்து பத்து பேரு வாங்கிப் போட்டுறலாமுங்க. ஒரு பேரு வெறும் நூறு ரூவாதானுங்க."

நூறு ரூபாய் என்றதும் யாருக்கும் சபலம் வரத்தான் செய்யும். ஆனால் இது வேலைக்கு ஆகுமா என்றால், ஒரு காலத்தில் ஆனது. இப்போது ஆகாது. சில சமயம் இருக்கிற இடமும் பறிபோகும்.

போர்டு மாதிரிதான்

டொமைன் பெயர் என்பது கடை வாசலில் மாட்டுகிற போர்டு மாதிரி. வெப்சைட் என்பது உள்ளே இருக்கிற கடை. டாட் காம், டாட் இன் என்று முடிகிற பெயர்களை யாரும் ஒரேயடியாக கிரயம் செய்துவிட முடியாது. வருட கணக்கில் பணம் கட்டி வைத்துக் கொள்வதுதான். கட்டாமல் விட்டால் பெயர் கையை விட்டு போய்விடும்.

ஒரே கடைக்கு பத்து போர்டு மாட்டினால் ரோட்டில் போகிறவருக்கு பத்து கடை மாதிரி தெரியலாம். உள்ளே போய் பார்த்தால் ஒரே கல்லா, ஒரே முதலாளி, ஒரே போன் நம்பர். கூகுளும் இப்போது உள்ளே போய் பார்க்கிறது.

ஆசை எங்கிருந்து வந்தது?

இந்த யோசனை இன்டர்நெட்டோடு பிறந்தது அல்ல. அமெரிக்காவில் டெலிபோன் டைரக்டரி காலத்திலேயே பிளம்பர்களும் பூட்டு ரிப்பேர்காரர்களும் கம்பெனி பெயருக்கு முன்னால் 'ஏ.ஏ.ஏ.' என்று சேர்த்துக் கொண்டார்கள். எழுத்து வரிசையில் முதலில் வந்தால் முதல் போன் தங்களுக்கு வரும் என்பதுதான் கணக்கு.

பிறகு அதே கணக்கு டொமைனுக்கு தாவியது. 2000-களில், ஜனங்கள் தேடுகிற வார்த்தையே வெப்சைட்டின் பெயராக இருந்தால் கூகுளில் அதற்கு தனி மவுசு இருந்தது. இந்தியாவிலும் 2005-ல் டாட் இன் பெயர்களை எல்லாரும் வாங்கலாம் என்று திறந்து விட்டார்கள். ஊர் பெயர், தொழில் பெயர் என்று கிடைத்ததை எல்லாம் பலர் வாங்கிப் போட்டார்கள். உள்ளே நாலு வரி, ஒரு போன் நம்பர், அவ்வளவுதான் வெப்சைட். அதற்கே ஆள் வந்தது.

அதனால் அன்றைக்கு இதை சொன்னவர்களை பொய்யர்கள் என்று சொல்ல முடியாது. இன்றைக்கும் அதையே சொல்லி பணம் வாங்குவதுதான் வில்லங்கம்.

பி.எம்.டபிள்யூவுக்கே ஆப்பு

கூகுள் பெரிய ஆட்களையும் விட்டு வைக்கவில்லை. 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ கார் கம்பெனியின் ஜெர்மனி வெப்சைட்டை தேடல் பட்டியலில் இருந்தே தூக்கி விட்டது. பார்க்க வரும் ஆட்களுக்கு ஒரு பக்கம், கூகுளுக்கு மட்டும் 'பழைய கார்' என்ற வார்த்தையை திரும்ப திரும்ப நிரப்பிய வேறு பக்கம் என்று வைத்திருந்ததுதான் காரணம். அந்த பக்கங்களை கம்பெனி நீக்கிய பிறகு சில நாளில் மறுபடியும் சேர்த்துக் கொண்டார்கள். இது மாதிரி ஆளை இழுத்து வேறு இடத்துக்கு தள்ளி விடுகிற பக்கங்களுக்கு தொழில்காரர்கள் வைத்த பெயர் 'டோர்வே', அதாவது வெறும் வாசல்படி.

அடுத்த அடி 2012 செப்டம்பர் 28-ந்தேதி விழுந்தது. தேடுகிற வார்த்தையையே பெயராக வைத்துக் கொண்டு உள்ளே சரக்கே இல்லாத வெப்சைட்டுகளை கீழே இறக்கப் போவதாக, அப்போது கூகுளில் ஸ்பேம் தடுப்பு பிரிவை கவனித்து வந்த மேட் கட்ஸ் அறிவித்தார். பெயரை மட்டும் நம்பி இருந்த பலரும் பட்டியலில் சரிந்தார்கள். 2015 மார்ச்சில் டோர்வே பக்கங்களுக்கு என்றே தனியாக ஒரு கிடுக்கிப்பிடி வந்தது.

இன்றைக்கு கூகுளின் விதிமுறையில் இந்த விஷயம் பச்சையாகவே இருக்கிறது. முகவரியையும் முகப்பு பக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி பல வெப்சைட் வைப்பதும், ஊர் ஊராக குறி வைத்து பல டொமைன் பெயர்களை போட்டு எல்லாரையும் ஒரே பக்கத்துக்கு தள்ளுவதும் தப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். கோவை வியாபாரியிடம் விற்கப் பார்க்கிற சரக்கு அச்சு அசல் இதேதான்.

2024 மார்ச்சில் இன்னும் இறுக்கினார்கள். தேடலில் முந்த வேண்டும் என்பதற்காகவே மொத்தம் மொத்தமாக தயாரிக்கும் பக்கங்கள், ஆள் எழுதினாலும் சரி, மெஷின் எழுதினாலும் சரி, ஸ்பேம் கணக்கில்தான் சேரும். கெடு முடிந்த பழைய டொமைனை வாங்கி அதன் பழைய நல்ல பெயரில் குளிர் காய்வதும் அதே கணக்கு.

பத்து வைத்தால் என்ன நடக்கும்?

வெட் கிரைண்டருக்கு கோவை பெயர் போன ஊர். 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்கு புவிசார் குறியீடே இருக்கிறது. கிரைண்டர் விற்கிற ஒருவர் ஊருக்கு ஒன்றாக பத்து வெப்சைட் போடுகிறார் என்று வைத்துக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத யாருக்கு நேரம் இருக்கிறது? ஒன்றை எழுதி, பொள்ளாச்சி என்பதை எடுத்துவிட்டு உடுமலை என்று மாற்றி ஒட்டி விடுவார்கள்.

பத்தும் ஒன்றுதான் என்று கூகுள் கண்டுபிடித்துவிட்டால், அதில் ஒன்றை மட்டும் வைத்துக் கொண்டு மற்றதை காட்டாது. எதை வைத்துக் கொள்ளும் என்பது கடைக்காரர் கையில் இல்லை. அவர் முக்கியமாக நினைத்த வெப்சைட் காணாமல் போய், எப்போதோ வாங்கி மறந்து போன பெயர் மேலே நிற்கவும் வாய்ப்பு உண்டு. அது ஸ்பேம் என்று பட்டால் மொத்தமும் காலி.

இன்னொரு நஷ்டம் கண்ணுக்கு தெரியாதது. மற்ற வெப்சைட்டுகளில் நம் கடையை பற்றி யாராவது எழுதி அதற்கு ஒரு இணைப்பு கொடுத்தால் அது நமக்கு மதிப்பு. ஒரே வெப்சைட் இருந்தால் எல்லா மதிப்பும் ஒரே இடத்தில் சேரும். பத்து இருந்தால் பத்தாக சிதறும். கிணற்றில் ஊறுகிற தண்ணீரை பத்து வாய்க்காலில் திறந்து விட்டால் கடைமடைக்கு என்ன போகும்?

அப்புறம் காசு. முதல் வருடம் நூறு, இருநூறு என்று தள்ளுபடியில் கிடைக்கிற பெயருக்கு, அடுத்த வருடம் ரெனீவல் என்று வரும்போது விலை பல மடங்கு ஏறி நிற்பது சாதாரணம். ஒரு பெயருக்கு 900 ரூபாய் என்று கணக்கு வைத்தாலும் பத்துக்கு 9 ஆயிரம். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,620 ரூபாய். ஆக மொத்தம் 10 ஆயிரத்து 620 ரூபாய் வருடா வருடம். இது வெறும் போர்டு வாடகைதான். வெப்சைட் செய்கிற கூலியும் அதை வைத்திருக்கிற இடத்துக்கான வாடகையும் தனி.

மேப் கதையே வேறு

பக்கத்தில் இருக்கிற கடையை தேடுகிறவர்கள் பெரும்பாலும் வெப்சைட் வரைக்கும் போவதே இல்லை. 'மோட்டார் ரிப்பேர்' என்று போட்டதும் மேப்போடு சேர்ந்து மூன்று கடை மேலே வருகிறது. அதில் ஒன்றை தட்டி போன் போட்டு விடுகிறார்கள். சண்டையே அந்த மூன்று இடத்துக்குத்தான்.

அந்த இடத்தை தீர்மானிப்பது மூன்று விஷயம் என்று கூகுளே சொல்கிறது. தேடியதற்கும் கடைக்கும் எவ்வளவு பொருத்தம், தேடுகிறவர் நிற்கும் இடத்தில் இருந்து எவ்வளவு தூரம், கடை எவ்வளவு பேருக்கு தெரிந்தது. இதில் காசு கொடுத்து மேலே வர முடியாது என்றும் சொல்லி இருக்கிறது. விளம்பரம் என்று தனியாக குறி போட்டு வருவது வேறு கணக்கு.

தூரத்தை எந்த டொமைன் பெயரும் குறைத்துவிடாது. பெயரில் பொள்ளாச்சி என்று எழுதினால் கணபதியில் இருக்கிற பட்டறை பொள்ளாச்சிக்கு நகர்ந்து விடுமா? பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் நின்று தேடுகிறவருக்கு பொள்ளாச்சி கடைதான் முதலில் தெரியும். கோவைக்காரருக்கு அங்கே கொஞ்சம் கஷ்டம்தான். அதை ஒத்துக் கொண்டு வேலையை பார்ப்பது உத்தமம்.

வீடு தேடி போய் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கூகுள் பிசினஸ் புரொபைல் என்ற இலவச பதிவில், எந்தெந்த பகுதிக்கு வேலைக்கு போவோம் என்று 20 இடங்கள் வரை குறிப்பிடலாம். இருக்கிற இடத்தில் இருந்து சுமார் 2 மணி நேர பயணத்துக்குள் இருந்தால் நல்லது என்பது கூகுளின் சொல். கோவையில் இருந்து மேட்டுப்பாளையம், அவினாசி, திருப்பூர், பொள்ளாச்சி, உடுமலை எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். பத்து டொமைன் எதற்கு?

ஆனால் அங்கேயும் குறுக்கு வழி தேடினால் மாட்டிக் கொள்ள வேண்டியதுதான். போர்டில் இருக்கிற பெயர்தான் பதிவிலும் இருக்க வேண்டும். பெயரோடு 'கோவையில் சிறந்த, மலிவான' என்று வாலை நீட்டினால் பதிவு முடக்கப்படலாம். ஆளே இல்லாத முகவரியில் கிளை இருப்பதாக காட்டினாலும் அதே கதி. 2023-ம் ஆண்டில் மட்டும் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட போலி கடை பதிவுகளை நீக்கியோ தடுத்தோ விட்டதாக கூகுள் கணக்கு சொல்லியிருக்கிறது.

பல வியாபாரிகள் கோட்டை விடுவது சின்ன விஷயத்தில்தான். ஒரு இடத்தில் 0422 நம்பர், இன்னொரு இடத்தில் பழைய செல் நம்பர், மூன்றாவது இடத்தில் கடை மாறுவதற்கு முந்தைய முகவரி. ஜஸ்ட்டயல், இந்தியாமார்ட், கூகுள் என்று எங்கே கடை பெயர் இருந்தாலும் பெயர், முகவரி, போன் மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

கோவையா, கோயம்புத்தூரா?

பெயரில் இன்னொரு குழப்பமும் நம் ஊருக்கு உண்டு. கோவை என்கிறோம், கோயம்புத்தூர் என்கிறோம், இங்கிலீஷில் ஒரு மாதிரி எழுதுகிறோம். திருப்பூரை இங்கிலீஷில் ஒரு 'பி' போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு 'பி' போட்டும் எழுதுகிறார்கள். 2020 ஜூன் மாதம் தமிழக அரசு 1,018 ஊர்களின் இங்கிலீஷ் எழுத்தை தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி மாற்றி உத்தரவு போட்டபோது கோவைக்கும் புது எழுத்து வந்தது. ஏகப்பட்ட எழுத்தை போட்டு நீளமாக இருந்த அதை பார்த்து ஊரே சிரித்தது. அந்த மாதத்திலேயே உத்தரவு வாபஸ் ஆகிவிட்டது.

இப்படி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு டொமைன் வாங்க ஆரம்பித்தால் கணக்கு தீராது. எப்படி எழுதி தேடினாலும் எந்த ஊர் என்பதை கூகுள் பெரும்பாலும் புரிந்து கொள்கிறது. தமிழிலேயே டாட் இந்தியா என்று முடிகிற பெயரும் வாங்கலாம். ஆசைக்கு ஒன்று வைத்துக் கொள்ளலாம். அதை வைத்து முதலிடம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டாவது பெயர் எப்போது சரி?

ஒன்றுக்கு மேல் பெயர் வைத்தாலே தப்பு என்று இல்லை. கடை பெயரில் டாட் காம், டாட் இன் இரண்டையும் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். ஜனங்கள் வழக்கமாக தப்பாக அடிக்கிற எழுத்தில் ஒன்று வாங்கி வைத்தாலும் சரிதான். ஆனால் அவற்றில் தனித்தனி வெப்சைட் போடக்கூடாது. எந்த பெயரை அடித்தாலும் நேராக மெயின் வெப்சைட்டுக்கு போகிற மாதிரி திருப்பி விட வேண்டும். தொழில் பாஷையில் இதற்கு '301 ரீடைரக்ட்'. கடை மாறியதும் பழைய கடை ஷட்டரில் 'எதிரில் மாற்றப்பட்டுள்ளது' என்று ஒட்டுகிறோமே, அதே வேலைதான். இதில் கூகுளுக்கு சண்டை ஒன்றும் இல்லை.

குடும்பத்தில் கிரைண்டர் கம்பெனியும் இருக்கிறது, கல்யாண மண்டபமும் இருக்கிறது என்றால் இரண்டுக்கும் இரண்டு வெப்சைட் வைக்கலாம். ஆளும் வேறு, தொழிலும் வேறு.

ஊர் ஊராக வாடிக்கையாளர் வேண்டும் என்றால் ஒரே வெப்சைட்டுக்குள் ஊருக்கு ஒரு பக்கம் வைக்கலாம். அதில் அந்த ஊரில் செய்த வேலை, எடுத்த படம், போக்குவரத்து செலவு உண்டா இல்லையா, எந்த கிழமை அங்கே வருவோம் என்று உபயோகமான விவரம் இருக்க வேண்டும். ஊர் பெயரை மட்டும் மாற்றி ஒட்டினால் மறுபடியும் அதே டோர்வே பிரச்சினைதான்.

பெயர் யார் கையில்?

எல்லாவற்றையும் விட பெரிய வினை இங்கேதான் இருக்கிறது. பல கடைகளின் டொமைன், கடைக்காரர் பெயரிலேயே இருப்பதில்லை. வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் ஈமெயிலில், தன் கணக்கில் வாங்கி வைத்திருப்பார். அவர் தொழிலை விட்டுவிட்டாலோ, போன் நம்பரை மாற்றினாலோ, "பாக்கி இருக்குதுங்க" என்று முறைத்துக் கொண்டாலோ கடை பெயர் அந்தரத்தில் தொங்கும். பத்து பெயர் என்றால் பத்தும் தொங்கும்.

டொமைன் வாங்கும்போது ஈமெயிலும் ஓ.டி.பி. வருகிற செல் நம்பரும் கடைக்காரருடையதாக இருக்க வேண்டும். பில்லும் அவர் பெயரில் வேண்டும். டாட் காம் பெயர் கெடு முடிந்தால் உடனே போய்விடாது. கம்பெனியை பொறுத்து சில நாள் முதல் 45 நாள் வரை சாதாரண கட்டணத்தில் புதுப்பிக்கலாம். அதற்கு பிறகு 30 நாள் அபராதம் மாதிரி கூடுதல் பணம் கட்டி மீட்கலாம். அதையும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம்.

இலவசத்தை நம்பினாலும் இதே கதைதான். கூகுள் தன் கடை பதிவோடு சேர்த்து ஒரு பக்க வெப்சைட்டை சும்மா கொடுத்து வந்தது. 2024 மார்ச்சில் அந்த சேவையை மூடி விட்டது. அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் வண்டியிலும் எழுதி வைத்தவர்கள் அழித்து எழுத வேண்டியதாயிற்று. சொந்த பெயரில் ஒன்றே ஒன்று இருந்திருந்தால் இந்த வேலை இல்லை.

நம்ம பெயரை இன்னொருத்தர் எடுத்தால்?

கடை பெயர் பிரபலமானதும் அதே மாதிரி இன்னொருத்தர் டொமைன் வாங்கி ஆளை இழுப்பதும் நடக்கிறது. இதற்கு கோர்ட்டு வழி உண்டு. வழி காட்டியதே நம் மாநில கம்பெனிதான். சென்னையின் சத்யம் இன்போவே, 1999-ல் 'சிஃபி' என்ற சொல்லை வைத்து சிஃபிநெட், சிஃபிமால் என்று பல பெயர்களை பதிவு செய்தது. பின்னாளில் இன்னொரு கம்பெனி ஒரு எழுத்தை மட்டும் கூட்டி கிட்டத்தட்ட அதே பெயரில் இறங்கியது. வழக்கு பெங்களூரு சிவில் கோர்ட்டு, கர்நாடக ஐகோர்ட்டு என்று போய் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. டொமைன் பெயருக்கும் வியாபார பெயர் மாதிரியே பாதுகாப்பு உண்டு என்று 2004 மே 6-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு சிஃபி பக்கம் தீர்ப்பு கொடுத்தது.

டாட் இன் பெயர் தகராறுகளை கோர்ட்டுக்கு போகாமல் நடுவர் மூலம் தீர்க்கவும் 2005 முதல் ஒரு ஏற்பாடு இருக்கிறது. டாட் இன் பெயர்களை நிர்வகிக்கும் 'நிக்சி' அமைப்பிடம் புகார் கொடுக்க வேண்டும். சிறு கடைக்கு இதுவும் செலவுதான். கடை பெயரை டிரேட் மார்க் பதிவு செய்து வைத்திருந்தால் வாதம் சுலபமாக நிற்கும்.

இதே சட்டம் திருப்பியும் அடிக்கும். வாஷிங் மெஷின், பிரிட்ஜ் கம்பெனிகளின் பெயரோடு 'கோவை சர்வீஸ்' என்று சேர்த்து டொமைன் வாங்கி தருவதாக சொன்னால் அந்த பக்கமே போக வேண்டாம். கம்பெனி நோட்டீஸ் வரும்.

போன் போடுகிறவர்கள் உஷார்

கடையே இல்லாதவர்களுக்கும் இதில் பாதிப்பு உண்டு. வீட்டில் பிரிட்ஜ் ஓடவில்லை என்று கூகுளில் தேடினால், கம்பெனி பெயரும் ஊர் பெயரும் சேர்ந்த பல வெப்சைட்டுகள் வரும். எல்லாவற்றிலும் 'அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்' என்று இருக்கும். வெவ்வேறு பெயரில் இருந்தாலும் போன் நம்பர் ஒன்றாகவே இருந்தால் சந்தேகப்பட வேண்டும். முகவரி இடத்தில் தெரு, கதவு எண் இல்லாமல் ஊர் பெயர் மட்டும் இருந்தாலும் அப்படித்தான்.

பொருளோடு வந்த வாரண்டி கார்டிலோ பில்லிலோ இருக்கிற நம்பருக்கு போன் செய்வதே நல்லது. பேசுகிறவர் முன்பணம் அனுப்ப சொன்னாலோ, ஓ.டி.பி. கேட்டாலோ, செல்போனில் ஏதாவது ஆப் ஏற்ற சொன்னாலோ போனை வைத்து விட வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் உதவி நம்பருக்கு சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு பணத்தை பாங்கிலேயே மடக்கி நிறுத்த வாய்ப்பு அதிகம்.